இராமநாடகத்தின் அன்பர்கள்

பெருங்காப்பியம் ஒன்று தோன்றி நிலைபெற்ற ஒரு மொழியில், அதே கதையை மீண்டும் எடுத்துப் பாடத் துணியும் புலவன் இருவகை இடர்ப்பாட்டுக்கு ஆளாகின்றான். முன்னோன் பாடியவாறே பாடின், 'இஃது எற்றுக்கு?' என்பர் கற்றோர். வேறுபடப் பாடின், 'இஃது அதற்கு ஒவ்வாது' என்பர். கம்பநாடரே தம்மைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்கு ஒப்பிட்டு அவையடக்கங் கூறினார். அங்ஙனமாயின், கம்பருக்குப் பின் இராமகதையைத் தமிழில் எடுத்த ஒருவர் நிலை யாதாகும்?

அங்ஙனம் எடுத்தவர் சீகாழி அருணாசலக் கவிராயர். அவர் இயற்றியது இராமநாடகக் கீர்த்தனை. கம்பராமாயணத்தை அறியாத தமிழ் மாணவர் இலர். இராமநாடகத்தையோ இன்று முழுமையாகக் கற்றவர் அரியர். ஆயினும், அந்நூலின் சில பாடல்களை விரும்பிக் கேட்போரும், அடுக்களையில் வேலை செய்துகொண்டே பாடுவோரும், அவை எந்நூலைச் சார்ந்தன என்பதை அறியாமலே அவற்றின்மீது ஆராத அன்பு பூண்டோரும் பலர். பெருநூல் ஒன்று கண்முன் நிற்கவும், அதன் வழிவந்த சிறுநூலின்மீது மக்கள் இத்துணை அன்பு கொள்வதற்குக் காரணம் யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலாசிரியர்

அருணாசலக் கவிராயர் 1711ஆம் ஆண்டு சோழநாட்டுத் தில்லையாடியிற் பிறந்தவர். தருமபுர ஆதீனத்திற் கல்வி பயின்றவர். பின்னர்ச் சீகாழியைத் தம் உறைவிடமாகக் கொண்டு, அத்தலத்துக்குப் புராணமுங் கோவையும் பாடினார். அசோமுகி நாடகம், அனுமார் பிள்ளைத்தமிழ் ஆகியனவும் அவர் நூல்களே. சைவ மடமொன்றிற் பயின்று, சிவதலத்தைப் பாடிய அதே நா, இராமன் கதையையும் ஆராக் காதலாற் பாடியது. நல்ல கவி எங்குளதோ அங்கு உளஞ் செல்லும் இயல்பு நம் முன்னோர்க்கு இருந்தது என்பதற்கு இஃது ஒரு சான்று.

சட்டநாதபுரத்தைச் சேர்ந்த வேங்கடராமையர், கோதண்டராமையர் என்னும் இருவர் கவிராயரிடங் கம்பராமாயணம் பாடங் கேட்க வந்தனர். இருவரும் இசைவல்லுநர். ஆசிரியர் கம்பன் கவிக்குப் பொருள் விரிக்க, மாணாக்கர் அதனை இசையிற் கேட்க விழைந்தனர். இக்கூட்டுறவின் பயனாய் எழுந்ததே இராமநாடகம். பாட்டு ஆசிரியருடையது, அதற்கு வாய்த்த இசை மாணாக்கருடையது. ஆகவே, இந்நூல் பிறந்த இடம் அரங்கன்று, அரசவையுமன்று; கம்பராமாயணப் பாடங் கேட்ட ஒரு வகுப்பு. ஆசிரியத் தொழில் புரிவோருக்கு இச்செய்தி தனி இன்பந் தருவதாகும்.

நூல் திருவரங்கத்தில் அரங்கேறியது என்பது வழக்கு. சென்னை மணலி முத்துக்கிருட்டிண முதலியார் கவிராயரை ஆதரித்துச் சிறப்பித்த வள்ளல்களுள் ஒருவர். கவிராயர் 1779இல் மறைந்தார். அவ்வாண்டில் தியாகராச சுவாமிகள் பன்னிரண்டு வயதுச் சிறுவர். முத்துசாமி தீட்சிதரோ நான்கு வயதுக் குழந்தை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புகளையுடைய கீர்த்தனை வடிவம், அப்பெரியோர் கையிற் பொலிவு பெறுவதற்கு முன்னரே, தமிழில் ஒரு பெருங்கதை முழுவதையும் தாங்கி நின்றது என்பது இதனாற் பெறப்படும். முத்துத்தாண்டவர், மாரிமுத்தாபிள்ளை ஆகியோருடன் கவிராயரையும் சேர்த்துத் தமிழிசை மூவர் எனப் போற்றுவது பொருத்தமே.

கவிக்கூற்றும் பாத்திரக்கூற்றும்

இராமநாடகத்திற் கீர்த்தனைகள் மட்டுமன்றி வெண்பா, விருத்தம், கொச்சகம், திபதை, வசனம் ஆகியனவும் விரவி வருகின்றன. கதையை நடத்திச் செல்வன இவை; உணர்ச்சி முதிரும் இடத்தில் நின்று பாடுவன கீர்த்தனைகள். நாடகம் எனப் பெயர் பெறினும், ஒருவரே எல்லாப் பாத்திரமுமாக நின்று பாடிக் கதை சொல்லும் கதாகாலட்சேபத்துக்கே இது பெரிதும் பயன்பட்டது.

அகத்திணை பயின்றோர் கூற்று என்னும் சொல்லை நன்கறிவர். தலைவி கூற்று, தோழி கூற்று எனப் பாடல்களை வகுத்தல் தமிழ் மரபு. காப்பியத்தில் பெரும்பகுதி கவிக்கூற்றாகவே நடைபெறும். பாத்திரங்கள் பேசுமிடத்தும் அவர்தம் பேச்சைக் கவிஞனே நமக்கு எடுத்துரைக்கின்றான். கவிராயர் செய்த மாற்றம் என்னையெனின், கவிக்கூற்றைச் சுருக்கிப் பாத்திரக்கூற்றை மேலெடுத்தமையாம். பாடுவோன் வாயில் 'நான்' என்னுஞ் சொல் வருங்கால், அந்த 'நான்' சீதையாகவும் அனுமனாகவும் வீடணனாகவும் ஆகிவிடுகின்றது. கேட்டுப் பாடப் பழகியவர்க்கும் அந்நிலை வாய்க்கின்றது. இராமநாடகத்தின் அன்பர்களை ஆக்கியது இம்மாற்றமே என்பது எம் துணிபு. சில இடங்களை எடுத்துக்கொண்டு இதனைக் காண்போம்.

மிதிலைக் காட்சியைக் கம்பர் பாடிய திறம் யாவரும் அறிந்தது. வீதியில் நடப்பவனும் கன்னிமாடத்தில் நிற்பவளும் ஒரே கணத்தில் ஒருவரையொருவர் நோக்குகின்றனர். இரு நோக்கையும் ஒருங்கே காணும் இடத்தில் நிற்பவர் கவிஞர் ஒருவரே. கவிராயரின் 'யாரோ இவர் யாரோ' என்னுங் கீர்த்தனையிலோ ஒருவர் மட்டுமே பேசுகின்றார். எதிரே நிற்பவர் யார் எனப் பேசுபவர் அறியார்; பெயரும் அறியார். தம்மையே அவர் நோக்குகின்றார் என்பதை மட்டும் வியப்போடு சொல்கின்றார். கேட்போர்க்குத் தெரிந்த பெயர் பேசுபவர்க்குத் தெரியாதிருத்தலே அப்பாட்டின் சுவை. கம்பரிற் காட்சியைக் காண்கின்றோம். கீர்த்தனையிலோ பேசுபவரோடு உடன் நின்று காத்திருக்கின்றோம்.

இனி, அயோத்தியா காண்டத்தில் இராமன் காட்டுக்குப் புறப்படும் இடம். 'நீ இங்கே இரு, யான் போய் வருவேன்' என்கின்றான் அவன். கம்பரின் சீதை, உன் பிரிவைக் காட்டிலுமா அக்காடு சுடும் எனக் கேட்டு, மேலும் வாதிடாது உட்சென்று, மரவுரி உடுத்து வந்து, கணவன் கைபற்றி அருகில் நிற்கின்றாள். சொல் சிறிது, செயல் பெரிது. காப்பியப் பெருமை அங்ஙனம் அமைவது. கவிராயர் அச்செயலைப் பின்தள்ளி, அந்தச் சொல்லை முன்னிறுத்துகின்றார். 'எப்படி மனம்' எனத் தொடங்கும் உசேனிக் கீர்த்தனையில், இதனைச் சொல்ல உமக்கு எங்ஙனம் மனம் வந்தது என்பதே பல்லவி. இதனைப் பூமி ஏற்குமோ என்றுங் கேட்கின்றாள். பூமி சீதைக்குத் தாய் என்பதை நினைப்போர்க்கு அவ்வினாவின் ஆழம் புலப்படும். ஒவ்வொரு சரணத்தின் பின்னும் பாடுவோர் பல்லவிக்கு மீளுதல் வேண்டும். ஊடுவோர் பேச்சும் அத்தகையதே. எவ்வளவு பேசினும் முதற் கேள்விக்கே திரும்பி வருவர். வாழ்க்கையின் இயல்பும் கீர்த்தனையின் இலக்கணமும் ஈண்டு ஒன்றுபட்டமை நோக்கற்பாலது.

மூன்றாவது, அனுமன் மீண்டு வருமிடம். கம்பரின் அனுமன் இராமன் அடிதொழாது, சீதை இருக்குந் தென்றிசை நோக்கி வீழ்ந்து வணங்குகின்றான். அதனாலேயே இராமன் பாதி செய்தி அறிகின்றான். பின்னர் அவன் வாயெடுத்துச் சொல்லும் முதற்சொல் 'கண்டேன்' என்னும் பொருளது. சீதையை என்னும் பெயரை முதலிற் கூறின், அதனை அடுத்து வருவது 'கண்டேன்' என்பதோ 'கண்டிலேன்' என்பதோ என ஒரு கணமேனும் இராமன் துடிக்க நேரும். அத்துடிப்பையும் தவிர்த்தான் சொல்லின் செல்வன் எனச் சான்றோர் பாராட்டுவர். கம்பரிடம் பாடங்கேட்டவர்போன்ற கவிராயர் இந்நுட்பத்தைக் கைவிடவில்லை. தம் கீர்த்தனையையும் அச்சொல்லாலேயே தொடங்கினார். தொடங்கியதோடு அதனை அடுக்கியும் வைத்தார். கம்பரில் ஒருமுறை கேட்டது, இங்கே சரணந்தோறும் மீண்டும் மீண்டுங் கேட்கப்படுகின்றது. நற்செய்தி கேட்டவன், 'இன்னொருமுறை சொல்' என்பதுதானே உலகியல்?

வீடணன் இராவணனுக்கு அறிவுரை கூறுமிடத்தில் நிலைமை மாறுகின்றது. கம்பர் ஆண்டு இரணியன் வதையை ஒரு தனிப்படலமாக விரித்துப் பாடினார். இராமநாடகத்தில் அவ்விடத்தெழும் எதுகுலகாம்போதிக் கீர்த்தனையின் உயிர்நிலை ஒரே ஒரு வினா. இராகவனை யாரென்று நினைத்தாய் என்பதே அவ்வினா. தம்பி அண்ணனைப் பார்த்து, அச்சமும் அன்பும் கலந்து கேட்கும் வினா அது. இங்ஙனம் விரிக்குமிடத்தில் விரித்தும், சுருக்குமிடத்தில் சுருக்கியும், ஆங்காங்குப் பழமொழிகளையும் வீட்டு வழக்குச் சொற்களையும் பெய்தும் கவிராயர் பாடியுள்ளார்.

அன்பர் யாவர்?

இந்நூலின் அன்பர்கள் புலவர் கூட்டத்தினர் மட்டும் அல்லர். கதாகாலட்சேபம் செய்த பாகவதர்களும், அவர்களைக் கேட்டு மனத்திற் பதித்துக்கொண்ட இல்லத்துப் பெண்டிரும், மலிவுப் பதிப்புகளை வாங்கி விளக்கொளியிற் படித்த சிறுதொழிலாளரும் இவர்களுள் அடங்குவர். கம்பராமாயணத்தை அனுபவிக்கப் பொருள் விரிக்க வல்லார் ஒருவர் துணை பெரும்பாலும் வேண்டும். இராமநாடகப் பாட்டுக்கோ காதும் வாயும் போதும்.

எம் அம்மம்மாவும் அத்தகைய அன்பருள் ஒருவர். பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு மேற் படித்தவர் அல்லர். கம்பரின் பாட்டு ஒன்றையேனும் அவர் முழுமையாகச் சொல்லக் கேட்டறியோம். ஆயினும், அரிசி புடைக்கும்போதும் பனங்கிழங்கு கிழிக்கும்போதும் இராமநாடகப் பாடல்கள் அவர் வாயில் இருந்தன. சுருதி சில வேளை பிறழும், சொல் பிறழாது. அவர் தந்தையார் வைத்திருந்த இராமநாடகப் பிரதி ஒன்று, அட்டை கழன்ற நிலையில், எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தது.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் அனைவரும் தென்மராட்சி நோக்கிப் புறப்பட நேர்ந்தது. அன்று மாலை மழை தூறிக்கொண்டிருந்தது. எம் அம்மப்பா, "நீங்கள் பிள்ளையளோடை போங்கோ, நான் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறன்" என்றார். அம்மம்மா முற்றத்தில் நின்று அவரைப் பார்த்தார். பின்னர், சீதையின் அப்பல்லவியைப் பாடாமல், பேசுவதுபோற் சொன்னார். அதற்குமேல் ஒன்றுங் கூறவில்லை. அம்மப்பா சிறிது நேரம் நின்றார். பின்பு சால்வையை எடுத்துத் தோளிற் போட்டுக்கொண்டு, படலையைச் சாத்திவிட்டு எங்களோடு நடந்தார்.

அக்காலை எமக்கு வயது பதினைந்து. அங்கு நிகழ்ந்தது யாதென்று அப்போது முற்றும் விளங்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து அயோத்தியா காண்டத்தை வகுப்பிற் கற்பிக்குங்கால் விளங்கிற்று. நாடகத்தில், இருக்கச் சொன்னவன் போகின்றவன். எம் வீட்டிலோ, போகச் சொன்னவர் இருக்கின்றவர். நிலைமை தலைகீழாகவும், பாட்டு ஓரெழுத்தும் மாறாமற் பொருந்திற்று. பாத்திரக்கூற்றாக அமைந்த பாட்டின் ஆற்றல் அத்தகையது. அதனைப் பாடியவர் தமக்கு வேண்டிய வேளையில், தம் சொல்லாகவே எடுத்தாளலாம். மறு ஆண்டு நாங்கள் மீண்டபோது அலுமாரியும் இல்லை. அந்தப் பிரதியும் இல்லை. அம்மம்மாவின் வாயிலிருந்த பாடல்கள் மட்டும் எங்களோடு போய், எங்களோடு திரும்பி வந்தன.

அன்பினால் விளைந்த குறை

இவ்வன்பு போற்றத்தக்கதே. எனினும், அதனால் நூலுக்கு ஒரு குறையும் நேர்ந்தது. தமக்குப் பிடித்த பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றைக் கைவிடுதல் அன்பர் இயல்பு. அம்முறையால் நூற்றுக்கணக்கான பாடல்களையுடைய இந்நூல், இன்று கச்சேரி மேடைகளிற் சில கீர்த்தனைகளாகச் சுருங்கிற்று.

இசைப் பகுதிக்கு நேர்ந்த இழப்பு இன்னும் பெரிது. பழைய பதிப்புகளில் இராகமும் தாளமுமே குறிக்கப்பட்டன, சுரக்குறிப்பு இல்லை. வாய்வழி வந்த மெட்டுகள், கதாகாலட்சேபம் அருகியபோது உடன் அருகின. 1940களில் எழுந்த தமிழிசை இயக்கம் தமிழ்ப் பாடல்களைக் கச்சேரி மேடையில் முன்னிறுத்தியது. அக்காலத்தில் அரியக்குடி இராமானுச ஐயங்கார் போன்ற வித்துவான்கள் கவிராயரின் பாடல்கள் சிலவற்றுக்குப் புதிய இசையமைத்துப் பாடினர். டி. கே. பட்டம்மாள் முதலியோர் குரலால் அவை பட்டிதொட்டியெங்கும் பரவின. அப்பெரியோர் முன்வந்திராவிடின் எஞ்சிய சிலவும் நம் செவிக்கு எட்டியிரா. ஆயினும், சாவேரிக்குரிய மிதிலைப் பாட்டை இன்று பைரவியிற் கேட்கின்றோம். அனுமன் கூற்றைப் பாகேசிரியிற் கேட்கின்றோம். பாகேசிரி வடநாட்டு இசைக்குரிய இராகமாதலின், சட்டநாதபுரத்து மாணாக்கர் அமைத்த மெட்டு அதுவாதல் அரிது. இவை இனியவை என்பதில் ஐயமில்லை. ஆனால், கவிராயர் தம் காதாற் கேட்ட இசை இவையென மயங்குதல் கூடாது.

இவ்விரண்டினும் பெரிய இழப்பு இடமிழத்தல். அனுமன் கூற்றாகிய கீர்த்தனை கச்சேரியின் பிற்பகுதியில் மெல்லிய உருப்படியாகப் பாடப்படுகின்றது. அதற்கு முன் இராமன் காத்திருந்த நாள்கள் இல்லை, வானரர் தேடியலைந்த களைப்பு இல்லை, கடல் இல்லை. 'கண்டேன்' என்னும் சொல் ஒலிக்கின்றது; காணாதிருந்த துன்பம் கேட்போர் நெஞ்சில் இல்லை. துன்பத்தின் பின் வருதலாலேயே அச்சொல்லுக்கு விலை உண்டாயிற்று. அவ்விலையை நாமே குறைத்துவிட்டோம்.

கற்றோர் கூறுங் குற்றம்

இராமநாடகத்தை இழித்துரைப்போர், அதன் நடை கொச்சையானது என்றும், கம்பர் வகுத்த கருத்துகளையே எளிதாக்கிக் கூறுவது என்றும் குறை காண்பர். முதற்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. சில இடங்களிற் சொல் தளர்ந்தும், எதுகை நோக்கிப் பொருள் வளைந்தும் வருவதை நடுநிலையாளர் மறுத்தல் இயலாது. காப்பியத்துக்குரிய இயற்கை வருணனையும் அணிநலனும் இதில் எதிர்பார்க்கத்தக்கன அல்ல. ஆயின், இரண்டாங்கூற்று பொருந்தாது. எளிதாக்குதல் வேறு, இடம்மாற்றி வைத்தல் வேறு. கவிஞன் நின்று கண்ட இடத்திலிருந்து கதையைப் பெயர்த்து, பாத்திரத்தின் நெஞ்சில் வைத்துப் பாடுதல் புதிய தொழில். அதனைச் செய்யக் கம்பரை வரிவரியாக அறிந்திருத்தல் வேண்டும். கவிராயர் எங்ஙனம் அறிந்திருந்தார் என்பதற்கு அந்த முதற்சொல் ஒன்றே சான்று பகரும்.

ஆதலின், இராமநாடகத்தின்மீது மக்கள் கொண்ட அன்பு கம்பரைப் புறக்கணித்த அன்பன்று. கம்பர் காட்டிய மாந்தரின் உணர்ச்சியைத் தம் வாயாலும் ஒருமுறை சொல்லிப்பார்க்க விழைந்த அன்பு அது.

மாணவருக்கு ஒரு சொல்

சில ஆண்டுகளுக்கு முன்னர், வகுப்பில் நகர்நீங்கு படலத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். மதிய உணவுக்குப் பின்னான பாடவேளை. மாணவர் பலர் கண்ணிற் சோர்வு தெரிந்தது. சீதை வினாவும் இடம் வந்தபோது, புத்தகத்தை மூடிவைத்து, அம்மம்மாவிடங் கேட்ட அப்பல்லவியை எமக்குத் தெரிந்த அளவிற் பாடினோம். எம் குரல் சங்கீதத்துக்கு ஏற்றதன்று. முதலில் நகைப்பொலி எழுந்தது, பின்னர் அடங்கியது. பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அதுக்கு இராமர் என்ன சொன்னவர்?" என்று கேட்டான். அவ்வினாவுக்கு விடையாகக் கம்பர் கவிதையைத் திறந்தோம். அன்று மணி அடித்த பின்னரும் பாடம் நடந்தது.

சட்டநாதபுரத்து மாணாக்கர் இருவரும் கம்பரைக் கேட்டு இசைக்குச் சென்றனர். நம் மாணவர் இசையைக் கேட்டுக் கம்பருக்குச் செல்லலாம். வழி ஒன்றே, இருபுறமும் நடக்கலாம். சங்கீதம் பயில்வோர் இக்கீர்த்தனைகளைக் கற்குமுன், அவை எவர் கூற்று, எவ்விடத்து எழுந்தன என்பதை அறிந்துகொள்வாராக. தமிழ் பயில்வோர் கம்பரின் ஒரு படலத்தைக் கற்றபின், அதே இடத்தைக் கவிராயர் எங்ஙனம் பாடினார் என ஒப்புநோக்குவாராக. இரு சாராரும் ஒன்றுகூடி, கல்லூரி விழாவொன்றில் இராமநாடகத்தின் ஒரு காண்டத்தையேனும், விருத்தமும் திபதையும் வசனமும் விடாது, முறைப்படி பாடி நடத்துவராயின், பாடல்கள் தத்தம் இடத்திற் கேட்கப்படும். இழந்த மெட்டுகளை மீட்க நம்மால் இயலாது. இழந்த இடத்தை மீட்க இயலும்.

வீட்டு முதியோர் நாவில் இந்நூற் பாடல்கள் இன்னும் எஞ்சியிருத்தல் கூடும். விடுமுறையில் வீடு செல்லும் மாணவர் அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பாராக. அச்சிட்ட பிரதிகளை எவ்வளவு எளிதில் இழக்க நேரும் என்பதை நம்மூரவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.